மண் இல்லாமலே வருகின்ற நேர்கோடு

பல்கலைக்கழகத்தில் மண் இரசாயனவியல் செயன்முறை அறிக்கைகளைத் திருத்துகின்ற காலத்தில் ஒரே வாக்கியம் ஆண்டுதோறும், கையெழுத்து மட்டும் மாறி, என் மேசைக்கு வந்துகொண்டிருக்கும். “ஆர்-வர்க்கத்தின் பெறுமானம் 0.99 ஆகையால் இம்மண் பொஸ்பேற்றைப் பிடிப்பது லாங்மியூர் சமன்பாட்டுக்கு அமைவாகவே நடைபெறுகின்றது. எனவே புறத்துறிஞ்சல் ஒரே வகையான இடங்களில், ஒற்றைப் படையாக நிகழ்கின்றது.” ஆர்-வர்க்கம் என்பது புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம். புறத்துறிஞ்சல் என்பது கரைசலிலுள்ள பொருள் ஒரு திண்மத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது, அதை விவரிக்கின்ற சமன்பாடுகளில் ஒன்று லாங்மியூருடையது. புள்ளித்திட்டத்தின்படி இந்த வாக்கியத்துக்கு முழுப் புள்ளி. எழுதிய மாணவரைக் குறைசொல்ல இடமில்லை. செயன்முறைத் தாள் எதைக் கேட்டதோ அதைத்தான் அவர் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த வாக்கியத்தின் முற்பாதியிலிருந்து பிற்பாதி எப்படிப் பிறந்தது என்பது எனக்கு நெடுநாளாக உறுத்தலாகவே இருந்து வந்தது. வரைபுத்தாளில் ஐந்தாறு புள்ளிகள் ஒரு கோட்டில் விழுந்தன என்பதிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு துணிக்கையின் மேற்பரப்பில் மூலக்கூறுகள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்பது வரைக்கும் ஒரே தாவலில் போய்விடுகிறோம். நடுவில் மண் எங்கே இருக்கிறது?

மண் இரசாயனவியல் படித்தவர்களுக்கு இந்தச் செயன்முறை புதிதல்ல. வயல் மண்ணைக் காற்றில் உலர்த்தி, இடித்து, 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்து, ஐதான கல்சியம் குளோரைட்டுக் கரைசலில் வெவ்வேறு அளவு பொஸ்பேற்றைச் சேர்த்து, 24 மணித்தியாலம் குலுக்கியில் வைப்போம். மறுநாள் வடித்து, மேர்பியும் ரைலியும் 1962இல் தந்த மொலிப்டினம் நீல முறையால் கரைசலில் எஞ்சியிருக்கும் பொஸ்பேற்றை அளப்போம். போட்டதிலிருந்து எஞ்சியதைக் கழித்தால் மண் பிடித்துக்கொண்டது. பின்னர் எஞ்சிய செறிவை அந்தப் பிடிப்பால் வகுத்து, அதே செறிவுக்கு எதிரே குறித்தால் ஒரு நேர்கோடு வரும். கோட்டின் படித்திறனைத் தலைகீழாக்கினால் மண்ணின் அதிகூடிய கொள்ளளவு. வெட்டுத்துண்டையும் சேர்த்துக் கணித்தால் பிணைப்பின் வலிமையைக் காட்டும் மாறிலி. இரண்டு பிற்பகல்களில் முடிந்துவிடும், விலைகூடிய கருவி வேண்டாம், விடையாக இரண்டு இலக்கங்கள் கிடைக்கும். பல்கலைக்கழகங்கள் இதை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது விளங்காத விடயமல்ல.

மின்வெட்டுக் காலத்து அறிக்கை

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் முற்பகுதியை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. 24 மணித்தியாலம் குலுக்கவேண்டிய போத்தல்கள் பாதி நேரம் குலுங்காமல் நின்றன. அளவீட்டின் நடுவே நிறமாலை ஒளிமானி அணைந்தது. அந்த நிலையில் வந்த அறிக்கைகளை எடுத்துப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஒழுங்காகக் குலுக்கிய ஆண்டுகளில் என்ன நேர்த்தி இருந்ததோ அதே நேர்த்தியான கோடுகள், ஆர்-வர்க்கம் 0.98, 0.99. சமநிலையை அடையாத கரைசல்களில் இருந்து எப்படி இப்படி வரும் என்று வகுப்பில் கேட்டேன். தரவைத் திருத்தி எழுதியிருப்பார்களோ என்ற ஐயமும் எனக்குள் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஒரு மாணவி எழுந்தார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வயற்குடும்பம் ஒன்றிலிருந்து வந்தவர். விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தாலும் ஐயங்களைத் தமிழில்தான் கேட்பார். “சேர், எங்கட பெறுமானம் சரியில்ல எண்டு எனக்கும் தெரியும். அதனால சும்மா வாயில வந்த நம்பரப் போட்டுப் பார்த்தன். அதுக்கும் கோடு நேராத்தான் வருது” என்றார். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அவரை முன்னால் அழைத்து வெண்பலகையில் செய்துகாட்டச் சொன்னேன்.

வாசகர்களும் செய்து பார்க்கலாம். ஒரு கைத்தொலைபேசி போதும். கரைசலில் எஞ்சிய செறிவுகள் இலீற்றருக்கு 2, 5, 10, 20, 40, 80 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணின் பிடிப்புக்கு வாயில் வந்த எண்கள்: கிலோகிராமுக்கு 210, 290, 240, 270, 220, 260 மில்லிகிராம். இந்த இரண்டாவது வரிசையில் எந்த ஒழுங்கும் இல்லை. ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. எந்த மண்ணும் இப்படி நடந்துகொள்ளாது. இப்போது முதல் வரிசையை இரண்டாவதால் வகுத்து, வந்ததை முதல் வரிசைக்கு எதிரே குறித்துக் கோடு வரையுங்கள். ஆர்-வர்க்கம் 0.99. அதிகூடிய கொள்ளளவு கிலோகிராமுக்கு 255 மில்லிகிராம் என்று விடையும் வரும். பிணைப்பு மாறிலி நேர்ப்பெறுமானமாக, பார்ப்பதற்கு ஒழுங்காக, 1.5 அளவில் வந்து நிற்கும். ஆய்வுகூடத்துக்குப் போகாமல், ஒரு பிடி மண்ணையும் தொடாமல், லாங்மியூர் சமன்பாட்டுக்கு அமைவான ஒரு மண் உருவாகிவிட்டது.

காரணம் கணிதத்தில் இருக்கிறது, மிகவும் எளியது. கிடையச்சில் இருப்பது செறிவு. நிலையச்சில் இருப்பதும் அதே செறிவைப் பிடிப்பால் வகுத்த ஒன்று. செறிவு 2இலிருந்து 80 வரை நாற்பது மடங்கு விரிகிறது. பிடிப்போ 210இற்கும் 290இற்கும் இடையில் தள்ளாடுகிறது. ஆகவே நிலையச்சு பெரும்பாலும் செறிவையே திருப்பிச் சொல்கிறது. செறிவைச் செறிவுக்கு எதிரே குறித்தால் நேர்கோடு வராமல் வேறென்ன வரும்? பிடிப்பில் உள்ள அத்தனை குழப்பத்தையும் அந்த வகுத்தல் விழுங்கிவிடுகிறது. நாம் புள்ளிகளின் நேர்த்தி என்று பாராட்டிக்கொண்டிருந்தது, ஓர் எண்ணை அதே எண்ணோடு ஒப்பிட்டதன் நேர்த்தி. அதே ஆறு சோடிகளை வகுக்காமல், பிடிப்பைச் செறிவுக்கு எதிரே நேரடியாகக் குறித்துப் பார்த்தால், கண்ணுள்ள எவரும் இது சமவெப்பக்கோடு (மாறா வெப்பநிலையில் செறிவோடு பிடிப்பு மாறுவதைக் காட்டும் வளைகோடு) அல்ல என்று சொல்லிவிடுவார்.

இது யாருக்கும் தெரியாத இரகசியமுமல்ல. வீத்தும் கரிசன் ஸ்பொசிட்டோவும் 1977இலேயே, தரவு லாங்மியூர் சமன்பாட்டில் பொருந்துவது புறத்துறிஞ்சல் நடந்தது என்பதற்குக்கூடச் சான்றாகாது என்று காட்டிவிட்டார்கள். பொஸ்பேற்று மேற்பரப்பில் அமர்ந்திருக்கலாம். அல்லது கல்சியத்துடன் சேர்ந்து வீழ்படிவாகி அடியில் கிடக்கலாம். இரண்டுக்கும் அதே சமன்பாடு இடம்கொடுக்கும். இர்விங் லாங்மியூர் 1918இல் அந்தச் சமன்பாட்டைத் தந்தபோது அவர் முன்னால் இருந்தவை கண்ணாடி, மைக்கா, பிளாற்றினம் ஆகியவற்றின் சமதளப் பரப்புகளும் அவற்றில் ஒட்டிய வாயுக்களும். எல்லா இடமும் ஒரேவகை, அமர்ந்த மூலக்கூறு பக்கத்திலுள்ளதைத் தொந்தரவு செய்யாது, ஒரு படைக்கு மேல் ஏறாது என்ற எடுகோள்கள் அங்கே பொருந்தின. களியும், இரும்பு ஒட்சைட்டும், உக்கல் பொருளும், அவற்றின்மேல் ஏற்கெனவே ஒட்டியிருக்கிற நூறு வகைப் பொருள்களும் கலந்த வயற்சேற்றில் அந்த மூன்றில் ஒன்றாவது உண்மையாக இருக்குமா? கோடு வளைந்து போனால், ‘இரண்டு வகை இடங்கள்’ என்று சொல்லி இரண்டு லாங்மியூர்களைக் கூட்டிப் பொருத்துகின்ற வழக்கமும் உண்டு. நான்கு மாறிலிகளைக் கையில் கொடுத்தால் எந்த வளைவையும் பொருத்தலாம். அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்வதற்கு எனக்கு நா எழுவதில்லை.

உலர்ந்த மண்ணும் நீர் நின்ற மண்ணும்

அந்த மாணவி சும்மா எண்களைப் போட்டுப் பார்த்ததற்குப் பின்னால் வேறொரு காரணம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், நவம்பரில் தடை நீக்கப்பட்டதும், இடையில் பெரும்போக விதைப்பு வந்து நின்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் காலத்தில் அவருடைய தகப்பனார் மகளிடம் கேட்டாராம்: “இத்தன வருசமா அடிக்கட்டுக்கு எண்டு கொட்டின பசள எங்க போச்சு? எல்லாத்தையும் நெல்லா எடுத்திச்சு? மிச்சம் மண்ணுக்குள்ளதானே கிடக்கும், அத எடுக்க ஏலாதா?” மண் இரசாயனவியல் படிக்கின்ற மகளுக்கு இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்ததில் தவறில்லை. உண்மையில், மேற்பரப்பு இரசாயனவியல் என்ற பாடம் எதற்காக இருக்கிறது என்று என்னைக் கேட்டால், இந்தக் கேள்விக்காகத்தான் என்று சொல்வேன். யூரியாவின் நைதரசன் வளியாகப் போகும், நைத்திரேற்றாக நீரோடு போகும், ரீ.எஸ்.பி. என்ற பசளையின் பொஸ்பேற்றோ பெரும்பங்கு மண்ணிலேயே தங்கும். எங்கே தங்குகிறது, எவ்வளவு இறுக்கமாகத் தங்குகிறது, எப்போது விடுபடும் என்பவை மேற்பரப்பின் விவகாரங்கள். எங்கள் செயன்முறையிலிருந்து அவர் தகப்பனாருக்குக் கொண்டுபோகக் கூடியதாக இருந்தது கொள்ளளவு என்ற ஓர் இலக்கம் மட்டுமே. அது இந்த மண் இன்னும் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லுமே தவிர, பிடித்ததை எப்போது விடும் என்று சொல்லாது. அந்த இலக்கமும் வாயில் வந்த எண்களிலிருந்து கிடைக்கக்கூடியது என்றானபோதுதான் அவர் வகுப்பில் எழுந்தார்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நாம் போத்தலில் போடுவது உலர்ந்த மண். மாதிரி எடுப்பதற்கு வசதியான காலம் அறுவடை முடிந்து வயல்வட்டை வெடித்துக் கிடக்கின்ற கோடை. எடுத்ததை மேலும் காயவைத்து, இடித்து, அரித்து வைக்கிறோம். ஆனால் நெல் அந்த மண்ணில் வளர்வதில்லை. மாரி தொடங்கியபின் நீர் நிற்கின்ற மண் வேறொரு பொருள். இதை உலகத்துக்கு மிகத் தெளிவாக விளக்கியவர் நம் நாட்டவர். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய பெலிக்ஸ் பொன்னம்பெரும. நீரில் மூழ்கிய மண்ணின் இரசாயனம் பற்றி அவர் 1972இல் எழுதிய நீண்ட மீளாய்வுக் கட்டுரை இன்றைக்கும் எல்லோரும் திரும்பிப் போகின்ற இடம். நீர் நின்று ஓரிரு நாளில் மண்ணின் ஒட்சிசன் தீர்ந்துவிடும். நுண்ணுயிர்கள் அதன்பின் நைத்திரேற்றை, பிறகு மங்கனீசு ஒட்சைட்டை, அதன்பின் இரும்பு ஒட்சைட்டைப் பயன்படுத்தத் தொடங்கும். மூவலுவுள்ள இரும்பு ஈரலுவுள்ளதாகத் தாழ்த்தப்பட்டுக் கரையும். அமில மண்ணாயினும் கார மண்ணாயினும் பி.எச். பெறுமானம் நடுநிலையை நோக்கி நகரும். இரும்பு ஒட்சைட்டின் மேற்பரப்பைப் பற்றியிருந்த பொஸ்பேற்றுக்கு இப்போது பற்றிக்கொள்ள மேற்பரப்பே இல்லை. அது நீருக்கு வருகிறது, நெல்லின் வேர் அதை எடுக்கிறது. நீரை வடித்தவுடன் அந்த இரும்பு மறுபடி ஒட்சியேறி, பளிங்காகாத, பரப்பு மிகுந்த புதிய ஒட்சைட்டாகப் படிந்து, பொஸ்பேற்றை முன்னிலும் இறுக்கமாகப் பிடிக்கும். நெல்லுக்குப் பின் மேட்டுநிலப் பயிர் வைக்கும்போது பொசுபரசுக் குறை தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் செயன்முறை வகுப்பில் நாம் அளப்பது எதை? நெல் ஒருநாளும் சந்திக்காத ஒரு மேற்பரப்பை. தகப்பனாரின் கேள்விக்குரிய விடை, நீர் நின்ற மூன்றாம் நான்காம் கிழமைகளில் இரும்போடு சேர்ந்து என்ன வெளியே வருகிறது என்பதில் இருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வயல்களின் பெரும்பகுதி மாரியில் நீருக்குள் கிடப்பது. கல்லோயாத் திட்டத்தின் கீழ் உள்ள அம்பாறை வயல்கள் சேனாநாயக்க சமுத்திரத்து நீரைச் சிறுபோகத்திலும் பெறுவதால் ஆண்டில் இரு முறை மூழ்கி எழும்புகின்றன. இப்படிப்பட்ட மாவட்டங்களில் இருந்துகொண்டு காய்ந்த மண்ணின் இரசாயனத்தை மட்டும் கற்பிப்பது, மேலைநாட்டுக் கோதுமை வயலுக்கு எழுதப்பட்ட தாளை அப்படியே வைத்துக்கொண்டிருப்பதன் விளைவு என்றுதான் நான் நினைக்கிறேன். குறையை எந்த ஒரு பல்கலைக்கழகத்தின் தலையிலும் கட்ட நான் விரும்பவில்லை. உலகெங்கும் இதே தாள்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வெட்டிய போத்தலும் உப்புநீரும்

அதன்பின் நான் செய்துவருகின்ற மாற்றங்கள் பெரியவை அல்ல. முதலில், பாடம் சமன்பாட்டில் தொடங்குவதில்லை, 1845இல் தொடங்குகிறது. ஹரி ஸ்டீபன் தொம்சன் என்பவர் இங்கிலாந்தின் யோர்க்சயரில் நிலவுடைமையாளர். நம்மூர்ப் பேச்சில் ஒரு போடியார். எருவிலுள்ள அமோனியா மழையில் கழுவுண்டு போகிறதா என்று அறிய, ஒரு குழாயில் மண்ணை நிரப்பி, மேலிருந்து அமோனியம் சல்பேற்றுக் கரைசலை ஊற்றினார். கீழே வந்தது கல்சியம் சல்பேற்று. அமோனியத்தை மண் வைத்துக்கொண்டு, கல்சியத்தை வெளியே விட்டிருந்தது. அவர் சொல்லக் கேட்டு, றோயல் விவசாயச் சங்கத்தின் இரசாயனவியலாளர் ஜோன் தோமஸ் வே 1850இலும் 1852இலும் இதை விரிவாக ஆராய்ந்து, மாற்றீடு சமவலு அளவில், அதாவது போகின்ற ஏற்றமும் வருகின்ற ஏற்றமும் சமமாக, நடப்பதையும் களியே அதற்குப் பொறுப்பு என்பதையும் காட்டினார். லீபிக் போன்ற பேரறிஞர் இதை எதிர்த்தார் என்பது மாணவர்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. தண்ணீர்ப் போத்தலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, வாயில் பஞ்சு வைத்து, மண் நிரப்பினால் தொம்சனின் குழாய் தயார். காய்ச்சி வடித்த நீரால் முதலில் கழுவி, அந்தக் கழுவுநீரிலும், பின்னர் அமோனியம் சல்பேற்று ஊற்றியபின் வருகின்ற நீரிலும் கல்சியத்தைக் காட்டிக்கொடுக்கும் அமோனியம் ஒட்சலேற்றைச் சில துளி விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவதில் வெண்ணிற வீழ்படிவு கூடுதலாகத் தோன்றுகின்ற அந்தக் கணத்தில், கற்றயன் (நேரேற்ற அயன்) மாற்றீடு என்ற சொல் புத்தகத்திலிருந்து இறங்கி வந்துவிடுகிறது.

அதே போத்தலில் நிறமிகளையும் ஊற்றுகிறோம். மெதிலீன் நீலம் நேரேற்றம் கொண்டது. ஈயோசின் எதிரேற்றம் கொண்டது. வயல் மண்ணில் நீலம் மேலேயே நின்றுவிடும். சிவப்பு அடியால் ஒழுகும். இதைச் செய்தபின் வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரை மாணவர்களிடம் கிணற்றைப் பற்றிப் பேசுவது இலகு. கடலோர மணலில் களி மிகக் குறைவு. இருக்கின்ற சிறு ஏற்றமும் எதிரேற்றம். நைத்திரேற்றும் எதிரேற்றம் கொண்டதால் சிவப்பு நிறமி போன வழியே அதுவும் போகும். தோட்டத்துக்கு இட்ட யூரியாவும், மலசலகூடக் குழியும், குடிநீர்க் கிணறும் ஒரே வளவுக்குள் இருக்கின்ற ஊர்களில் உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்ற எல்லை ஏன் பொருட்படுத்தப்படவேண்டும் என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

பரப்பளவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மொண்ட்மொரிலோனைற்றுக் களியின் பரப்பு ஒரு கிராமுக்கு 600 முதல் 800 சதுர மீற்றர். கயோலினைற்றுக் களிக்கு 10 முதல் 20. முதலாவதில் ஆறு கிராம் வரை எடுத்தால் ஒரு ஏக்கர். ஏக்கர்க் கணக்கில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஓர் எண் போதும்.

இரண்டாவது மாற்றம் உப்பு. மேற்பரப்பில் ஓர் அயன் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சமவெப்பக்கோடு சொல்லாது என்றால் வேறு எது சொல்லும் என்று மாணவர்கள் கேட்பது நியாயம். 1987இல் அமெரிக்காவில் ஒரு குழுவினர் சின்குரோத்திரன் என்ற பெரிய துணிக்கை முடுக்கியின் எக்ஸ்-கதிரைக் கொண்டு, இரும்பு ஒட்சைட்டான கோதைற்றின்மேல் செலனியத்தின் இரு அயன்களான செலனேற்று, செலனைற்று ஆகிய இரண்டையும் பார்த்தார்கள். செலனைற்று இரும்போடு நேரடியாகப் பிணைந்திருந்தது; செலனேற்று தன்னைச் சுற்றிய நீரை விடாமல், ஏற்றத்தின் ஈர்ப்பால் மட்டும் நின்றது. இலங்கையில் சின்குரோத்திரன் இல்லை. ஆனால் உப்பு இருக்கிறது. ஏற்றத்தின் ஈர்ப்பால் மட்டும் நிற்கின்ற அயனை, கரைசலில் உப்பைக் கூட்டக் கூட்ட மற்ற அயன்கள் தள்ளிவிடும். மேற்பரப்போடு நேரடியாகப் பிணைந்த அயனோ பெரும்பாலும் அசையாது. இரும்புக் குளோரைட்டுக் கரைசலில் காரத்தை மெல்ல விட்டுச் செங்கபில நிற ஐதரொட்சைட்டை மாணவர்களே ஆக்கிக்கொள்கிறார்கள். அதன் ஒரு பகுதியில் பொஸ்பேற்றையும் இன்னொரு பகுதியில் சல்பேற்றையும் சேர்த்து, சோடியம் குளோரைட்டை 0.01 மோலரிலிருந்து கடல்நீரின் அளவான 0.5 மோலர் வரை கூட்டிப் பார்க்கிறோம். சல்பேற்றில் கழன்று வருவது கூடிக்கொண்டே போகும். பொஸ்பேற்று கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். இந்தச் செயன்முறையில் நேர்கோடு எதுவும் இல்லை. பிணைப்பைப் பற்றி அது சொல்வது நேர்கோட்டைவிட எவ்வளவோ கூட.

உப்பைத் தொட்டால் எங்கள் கரையில் 2004 டிசெம்பர் 26 வராமல் போகாது. இப்போது வகுப்பில் இருப்பவர்கள் அப்போது கைக்குழந்தைகள் அல்லது பிறக்காதவர்கள். கிணறு உவர்த்துப் போன கதையைத் தாய்மாரிடம் கேட்டவர்கள். கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தும் உவர் ஏன் போகவில்லை என்பதற்கு நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய வில்லையாக மிதப்பது ஒரு காரணம்; கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நீர்மட்டம் குறைந்தால் கீழே நாற்பதடி அளவுக்கு உவர் ஏறும் என்பது பொதுவான கணக்கு. மற்றது மேற்பரப்பின் விடயம். கடல்நீரின் சோடியம் களியிலிருந்த கல்சியத்தைத் தள்ளிவிட்டு அமர்ந்துகொண்டது. தூய மணலில் அமர இடம் குறைவு, மாரிமழை கழுவிவிடும். வாவியோரத்துக் களிநிலத்தில் அது அப்படிப் போகாது. மழைநீர் உப்பைக் கழுவியபின் சோடியம் ஏறிய களி கலைந்து, நீர் இறங்க முடியாத சேறாக அடைத்துக்கொள்ளும். கலங்கிய நீரில் தேத்தாங்கொட்டையை உரைத்துத் தெளியவைத்த தலைமுறைக்கு, களித் துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளுவதும் சேர்வதும் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது. படிகாரத்தின் அலுமினியம் சோடியத்தைவிடப் பன்னூறு மடங்கு குறைந்த செறிவிலேயே அதே வேலையைச் செய்யும் என்பதை மாணவர்கள் இரண்டு முகவைகளை அருகருகே வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

மறுப்புகள்

சக விரிவுரையாளர்கள் சிலருக்கு இதில் உடன்பாடில்லை. மேற்படிப்புக்குப் போகின்ற பிள்ளை லாங்மியூரையும் அதுபோன்ற இன்னொரு சமன்பாடான பிரொயின்ட்லிச்சையும் பொருத்தத் தெரியாமல் போய் நிற்கலாமா என்கிறார்கள். அது நியாயமான கவலை. நானும் சமன்பாட்டைக் கைவிடவில்லை. பிடிப்பைச் செறிவுக்கு எதிரே அப்படியே குறித்து, கணினியில் வளைகோட்டையே நேரடியாகப் பொருத்தச் சொல்கிறேன். அதற்கு முன்னர் ஒவ்வொரு குழுவும் வாயில் வந்த எண்களுக்கு ஒரு நேர்கோடு வரைந்து, அதன் ஆர்-வர்க்கத்தையும் அறிக்கையில் ஒட்ட வேண்டும். சமன்பாடு ஒரு சுருக்கக் குறிப்பு. எத்தனை கிலோ பசளை எவ்வளவு செறிவைத் தரும் என்று மதிப்பிட உதவும். அதற்குமேல் அதனிடம் சாட்சியம் கேட்கக் கூடாது.

மாணவர்களின் மறுப்புத்தான் கடினமானது. நீர் நின்ற மண்ணைப் பார்ப்பதற்காக, மூடிய போத்தல்களில் மண்ணையும் நீரையும் சிறிது வைக்கோல் தூளையும் இட்டுக் கிழமைக்கணக்கில் வைத்து, இடையிடையே ஈரலுவுள்ள இரும்பையும் பொஸ்பேற்றையும் அளக்கிறோம். அந்த இரும்பைக் காட்டும் பெனாந்திரோலினைச் சேர்த்தவுடன் எழும் செம்மஞ்சள் நிறம் கிழமைக்குக் கிழமை கூடுவதைப் பார்க்க அவர்களுக்கு விருப்பம். ஆனால் ஒரு குழுவின் பெறுமானம் மற்றக் குழுவோடு ஒத்துவராது. ஒரு போத்தலில் பொஸ்பேற்று ஏறும், பக்கத்துப் போத்தலில் ஏறி இறங்கும். “இதுல எது சரி சேர்? எதுக்குப் புள்ளி?” என்ற கேள்விக்கு என்னிடம் பழைய தாளில் இருந்ததுபோல் ஒரு விடை கிடையாது. ஏன் வேறுபட்டது என்று எழுதுவதற்குத்தான் புள்ளி என்றால், அதை எப்படித் திருத்துவது என்று இரண்டாம் பரீட்சகர் கேட்கிறார். நேர்கோட்டின் பெரிய நன்மை அதைத் திருத்துவது சுலபம் என்பது. அந்த நன்மையை இழப்பதற்கு யாரும் ஆயத்தமாக இல்லை, சில மாலைகளில் நானும்தான்.

தகப்பனாரின் கேள்விக்கு இதுவரை கிடைத்த விடை அரைகுறை. அவருடைய வட்டையிலிருந்து எடுத்த மண் இப்பகுதிக்கே உரிய சுண்ணமற்ற கபில நிற மண். மணல் கூட, களி குறைவு. நீர் நின்றபோது பொஸ்பேற்று வெளியே வந்தது என்பதை அவருக்குச் சொல்ல முடிந்தது. பயிருக்கு எத்தனை போகம் அது போதும் என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நாங்கள் போத்தலில் இட்டதும் உலர்த்தி அரித்த மண்தான். மூழ்கிய வயலிலிருந்து ஈரமாகவே எடுத்து, காற்றுப் படாமல் ஆய்வுகூடம் வரை கொண்டுவந்தால்தான் அந்தக் கணக்கைத் தொடங்கலாம். பெரிய ஊசிக்குழல் ஒன்றின் முனையை வெட்டிச் சேற்றுக்குள் அழுத்தி, இழுத்து, நீருக்குள் வைத்தே இறப்பர் தக்கையால் மூடி, நீர் நிறைந்த வாளிக்குள் அமிழ்த்திக் கொண்டுவரலாம் என்பது இப்போதைய திட்டம். பிரச்சினை, நெற்கதிர் உள்ளே திரண்டு குடலை வருகின்ற காலத்தில் வெள்ளம் வந்தால் படுவான்கரைப் பாதைகள் சிலவற்றில் வாளியோடு மோட்டார் சைக்கிளில் வர முடியாது. வரம்பால் நடக்கவேண்டும், பயிரில் கால் வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு தகப்பனார் சம்மதித்துவிட்டார், சிறுபோகத்துக்கு ரீ.எஸ்.பி. வாங்குவதற்கு முன்பு விடை வேண்டும் என்று கெடுவும் வைத்திருக்கிறார். அதற்குள் நிறமாலை ஒளிமானிக்குப் புதிய விளக்கு வந்து சேர வேண்டும்.